பத்து நாள் ஜெர்மனிப் பயணம்: விமானம் தாமதமானால், நடுவில் காய்ச்சல் வந்தால்

கேள்வி: டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போகிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், 68 வயது அம்மா (சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு). பிராங்க்பர்ட்டில் இறங்கி ரயிலில் போவதாகத் திட்டம். விமானம் தாமதமானாலோ, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலோ என்ன செய்வது? இப்போதே எதைப் பார்த்து வைக்க வேண்டும்?

பதில்:

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பாதிப் பிரச்சினையை இப்போதே தவிர்த்துவிடலாம். எடுத்தாகிவிட்டது என்றாலும் பரவாயில்லை, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதல் பகுதியைப் படியுங்கள். ஒரு மாதப் பயணத்தில் இரண்டு நாள் போனால் யாரும் பெரிதாக நினைக்கமாட்டார்கள். பத்து நாளில் ஈடுகட்ட இடமே கிடையாது. அதனால் என் யோசனைகள் கொஞ்சம் பயந்தாங்கொள்ளித்தனமாகத் தெரியலாம்.

டிக்கெட்

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்சா நேராகப் போகிறது. தோஹா, துபாய், அபுதாபி வழியாகப் போனால் பல சமயம் விலை குறையும். விலையைத் தாண்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாமதமாகும்போதுதான் தெரியவரும். விமானம் தாமதமானால், ரத்தானால் பயணிகளுக்கு என்ன தர வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதி, அங்கிருந்து புறப்படும் எல்லா நிறுவன விமானங்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும் விமானம் என்றால், அதை ஐரோப்பிய நிறுவனம் இயக்கினால் மட்டுமே பொருந்தும். ஆகவே லுப்தான்சாவில் போனால் போக, வர இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. வளைகுடா நிறுவனத்தில் போனால் திரும்பும்போது மட்டும்தான். டிக்கெட்டில் எந்த நிறுவனத்தின் எண் அச்சாகியிருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் எண்ணில் இன்னொருவர் பறப்பது வழக்கம், உண்மையில் விமானத்தை ஓட்டுவது யார் என்பதுதான் கணக்கு.

போகும் வழி முழுவதும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். சென்னை–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–பிராங்க்பர்ட் இன்னொரு டிக்கெட் என்று மலிவாகச் சேர்த்து வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் வராத பயணி. அதோடு நிற்காது, வராத பயணியின் மீதிப் பயணத்தையும், திரும்பும் டிக்கெட் உட்பட, கணினி ரத்து செய்துவிடும். உடம்பு சரியில்லாமல் ஒரு விமானத்தை விடுவதாக இருந்தாலும் இதே விதிதான். புறப்படும் நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும், சொன்னதற்கு மின்னஞ்சல் சாட்சி வேண்டும்.

நால்வரும் ஒரே பி.என்.ஆரில் இருப்பதும் முக்கியம். அம்மாவுக்குத் தனியாக எடுத்திருந்தால், விமானம் ரத்தாகும்போது கணினி உங்கள் மூவரை ஒரு விமானத்திலும் அம்மாவை மறுநாள் விமானத்திலும் போட்டுவிடும். தனித்தனியாக எடுத்தாகிவிட்டது என்றால், நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டு பி.என்.ஆரையும் இணைத்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். கணினி அதை மதிக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் கவுண்டரில் இருக்கும் மனிதர் மதிப்பார்.

மாறும் விமானத்துக்கு இடையில் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று பயண முகவர் சொல்வார். வயதானவரும் குழந்தையும் இருக்கும்போது இரண்டரையிலிருந்து நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி வழியாக அதிகாலையில் மாறும் திட்டம் வேண்டாம், டிசம்பர் கடைசி அங்கே மூடுபனிக் காலம். லண்டன் வழியும் வேண்டாம் என்பேன். இரவு தங்க நேர்ந்து விமான நிலையத்தை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் பிரிட்டன் விசா கேட்பார்கள், ஜெர்மனிக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவை மட்டும் நம்ப முடியாது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்தானே என்று தயங்க வேண்டாம். தாமதத்தில் கேட் மாறும்போதும், நீண்ட குடிவரவு வரிசையிலும் அந்த உதவியாளர்தான் உங்களைக் கொண்டு சேர்ப்பார்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டில் பெரும்பாலும் முகவரின் கைப்பேசி எண்தான் இருக்கும், விமானம் ரத்து என்ற செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நிறுவனத்தின் செயலியில் பி.என்.ஆரைப் போட்டு உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் நீங்களே மாற்றுங்கள். அடுத்தது தேதி. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் புறப்படுகின்றன. 20-ம் தேதி 01:50 என்று இருந்தால் 19-ம் தேதி ராத்திரியே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். இதில் தவறுகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஜெர்மன் ரயில்வேயின் மலிவு டிக்கெட்டான ஸ்பார்பிரைஸ் ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமாகி அந்த ரயிலை விட்டால் பணம் போனதுதான். போகும் நாளுக்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்பிரைஸ் எடுங்கள், அல்லது விமான டிக்கெட்டோடு சேர்த்தே ரயிலையும் எடுங்கள். திரும்பும் நாளில், விட்டால் விமானமும் போய்விடும் என்ற கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தியதில் ஏறுங்கள். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்பது பழைய காலத்துப் பெருமை.

டிசம்பர் 24 மதியத்திலிருந்து அங்கே கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டும் பொது விடுமுறை. 27 ஞாயிறாக அமைந்தால் 28 வரை எதுவும் திறக்காது. 24 மாலை போய் இறங்கி, பெட்டியும் வராமல் போனால், ஸ்வெட்டர் வாங்கக்கூட விமான நிலையத்திலோ பெரிய ரயில் நிலையத்திலோ உள்ள கடைகள்தான் கதி. முடிந்தால் 21, 22-க்குள் போய்ச் சேருங்கள். திரும்பி வந்த மறுநாளே அலுவலகம், பள்ளி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கையில் உள்ள உபரி நாளைப் பயணத்தின் கடைசியில் வைப்பதே நல்லது.

விசாவில் எழுதியிருக்கும் நாட்கள்

பலர் வழுக்குவது இங்கேதான். ஷெங்கன் விசா ஒட்டுத்தாளில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு வரி இருக்கும், தங்கும் நாட்கள் எத்தனை என்று வேறொரு கட்டம் இருக்கும். செல்லுபடிக் காலத்தில் 15 நாள் சலுகை சேர்த்தே கொடுப்பார்கள். பயணத் தேதி தள்ளிப்போனால் உதவட்டும் என்பதற்காக அது. தங்கும் நாட்களை அது கூட்டாது. கட்டத்தில் 12 என்று இருந்தால், செல்லுபடித் தேதி இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தாலும் 12 நாள்தான். வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாகக் கைரேகை, முகப்பட மின்னணுப் பதிவு வந்திருப்பதால், கூடுதலாகத் தங்கினால் கணினி தானே எண்ணிக் காட்டிவிடும்.

விண்ணப்பிக்கும்போதே பத்து நாளுக்குப் பதில் பதினைந்து, பதினேழு நாள் கேளுங்கள். காப்பீடும் அத்தனை நாளுக்கு இருக்கட்டும். கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, கேட்பதில் நஷ்டமில்லை. அங்கே போனபின் விமானம் ரத்தாகியோ மருத்துவமனையில் சேர்ந்தோ நாள் போதாமல் போனால், தங்கை ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்பு கேட்கலாம். கையை மீறிய காரணம், மனிதாபிமானக் காரணம் என்றால் ஐரோப்பிய விசாச் சட்டப்படி கட்டணம் இல்லை, தனிப்பட்ட முக்கியக் காரணம் என்றால் 30 யூரோ. நாட்கள் தீர்வதற்கு முன் கேட்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விடுமுறையில் அலுவலகம் பூட்டியிருந்தால், ரத்துச் செய்தியையும் மருத்துவர் கடிதத்தையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை எல்லையில் காட்டத் தயாராக வைத்திருங்கள்.

காப்பீடு

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் ஏதோ ஒன்றை எடுத்திருப்பீர்கள். விலையை மட்டும் பார்த்து எடுத்தது என்றால் மூன்று இடங்களை இப்போது படியுங்கள். முதலாவது, ஏற்கெனவே உள்ள நோய். பெரும்பாலான பாலிசிகள் அம்மாவின் சர்க்கரை, பிபியால் வரும் செலவை ஒதுக்கிவிடும், அல்லது உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும், அதுவும் சிறிய உச்சவரம்போடு தரும். அம்மாவுக்கு மட்டும் தனியாக, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்து எடுப்பது கூடுதல் செலவுதான், ஆனால் நால்வரில் மருத்துவமனைப் படுக்கைக்குப் போக வாய்ப்பு அதிகம் அவருக்குத்தான். நோயை மறைத்து எடுத்த பாலிசி எதற்கும் உதவாது. இரண்டாவது, நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை. அது 100 டாலர் என்று இருந்தால், ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்த செலவு முழுக்க உங்களுடையதே. மூன்றாவது, பயணத் தாமதத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு பணம், 6 மணியா 12 மணியா என்பது.

கைப்பை

குளிர் உடையைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். சென்னையில் மார்கழி ராத்திரியும் வெக்கையாகத்தான் இருக்கும், கோட்டைச் சுமக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் பிராங்க்பர்ட்டில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் பெட்டி வராமல் நிற்பது அதைவிட மோசம். ஆளுக்கு ஒரு ஜாக்கெட், ஒரு செட் உள்ளாடை, சாக்ஸ் கைப்பையில்.

மருந்து, பயண நாட்களுக்கு மேல் இன்னும் பத்து நாளுக்கு, அசல் அட்டையோடு, எல்லாமே கைப்பையில். அம்மா இன்சுலின் போடுகிறவர் என்றால் அது ஒருபோதும் சரக்கறைக்குப் போகக்கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். மருத்துவர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரும் இருக்கட்டும், நம்மூர் பிராண்டுப் பெயர் ஜெர்மன் மருந்துக்கடையில் யாருக்கும் புரியாது. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியது, அதாவது போகும் நாள் அத்தனை நேரம் நீளும். இன்சுலின், சர்க்கரை மாத்திரை நேரத்தை அன்று எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் எழுதியே வாங்கிவிடுங்கள்.

கூடவே இன்னொன்றையும் எழுதி வாங்குங்கள்: வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாமல் போனால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அந்த நிலையில் தொடர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். இந்த வகையில் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே அது நடக்கும் என்பதால் வீட்டு மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். மெட்ஃபார்மினையும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது பொதுவாக நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைத் தானாக நிறுத்தக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு வேற்று நாட்டில் யோசித்து முடிவெடுக்கும் விஷயங்கள் இவை அல்ல.

ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு, பாராசிட்டமால், தெர்மாமீட்டர், சர்க்கரை மீட்டர், கஞ்சி மாவு போதும். நெய் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு, சுங்கத்தில் நின்று வாதாடுவது வீண்.

கிளம்பும் முன் காய்ச்சல்

மகளுக்குக் கிளம்பும் முந்தின நாள் காய்ச்சல், மருந்து கொடுத்தால் இறங்குகிறது, போகலாமா? சளி, இருமலோடு வரும் சாதாரணக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம். காரணமே தெரியாத காய்ச்சல் என்றால் 48 மணி நேரம் தள்ளிப்போடுங்கள் என்பதே என் கருத்து. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, தமிழ்நாட்டில் டெங்கு அதிகமாகும் காலம். டெங்குவில் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் ஏறும்போது வருவதில்லை, இறங்கும்போது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். இன்று காய்ச்சலோடு ஏறினால் அந்தக் கட்டம் ஸ்டுட்கார்ட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்து நிற்கும்.

கொசு கடித்து நாலிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் டெங்குக் காய்ச்சல் தொடங்கும் என்பதால், நன்றாகப் போனவருக்கும் அங்கே தொடங்கலாம். ஜெர்மனியில் ஜனவரியில் காய்ச்சலோடு வருகிறவரைப் பார்த்தால் மருத்துவருக்கு இன்ஃப்ளூயன்சாதான் முதலில் தோன்றும். "சென்னையிலிருந்து வந்து இத்தனை நாள் ஆகிறது, டெங்குவும் மலேரியாவும் உள்ள ஊர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். இதய மருத்துவர் சொல்லி அம்மா தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாமதமான அன்று

சென்னையில் மழை, புயல். பிராங்க்பர்ட்டில் பனி, உறைமழை, இறக்கைப் பனி உருக்கும் வரிசை. டிசம்பரில் இரு முனையிலும் காரணத்துக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை ஓடுபாதையே மூடப்பட்டது, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் அதேதான்.

ரத்து என்று அறிவித்ததும் எல்லோரும் கவுண்டருக்கு ஓடுவார்கள். நீங்களும் வரிசையில் நில்லுங்கள், நின்றபடியே செயலியில் மாற்று விமானம் காட்டுகிறதா பாருங்கள், மனைவி அதே நேரம் நிறுவனத்தின் அழைப்பு மையத்துக்குப் போடட்டும். எது முதலில் கிடைக்கிறதோ அது. முகவரைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், பயண நாளில் டிக்கெட்டை மாற்றித் தர வேண்டியது நிறுவனம். அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இந்த நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தாதீர்கள்: பணம் திருப்பிப் பெறு என்பது. அதைத் தொட்டதும் உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பும், சாப்பாடு, விடுதிப் பொறுப்பும் நிறுவனத்தின் தலையிலிருந்து இறங்கிவிடும். டிசம்பர் கடைசியில் அந்தப் பணத்துக்கு நாலு இருக்கை வேறெங்கும் கிடைக்காது. மாற்று விமானம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அதே நிறுவனத்தில் மூன்று நாள் கழித்துத்தான் இடம் என்றால், நாளைக்கே போகிற வேறு நிறுவன விமான எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். எண்ணோடு கேட்கிறவருக்குத்தான் கிடைக்கிறது.

261 விதி பொருந்தும் பயணம் என்றால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் புறப்பாடு 4 மணி நேரம் தாமதமாகும் என்று தெரிந்தாலே சாப்பாடு தர வேண்டும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போகவர வண்டியும். புயல், எரிமலைச் சாம்பல் என்று எந்தக் காரணமானாலும் இந்தப் பராமரிப்பு நிற்காது. 2010 ஐஸ்லாந்து எரிமலை வழக்கில் 2013-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை என்றால் நியாயமான விலையில் நீங்களே எடுத்துக்கொண்டு ரசீதை வைத்துக்கொள்ளலாம், ஐந்து நட்சத்திரம் நியாயத்தில் சேராது. இந்திய நிறுவனத்தில் போகிறீர்கள் என்றால், நம்மூர் விமானப் போக்குவரத்து ஆணையமான டி.ஜி.சி.ஏ.வின் விதியில் ஒன்று உங்களுக்குச் சாதகம்: இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விடுதி தர வேண்டும். இந்திய அரசின் விமானப் பயணிகள் புகார்த் தளமான ஏர்சேவாவில் புகாரும் பதியலாம்.

நஷ்டஈடு வேறு கணக்கு. கடைசி ஊரை 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ, 3 முதல் 4 மணிக்குள் என்றால் 300. நேரம் தரை தொட்டதிலிருந்து கணக்கு இல்லை, கதவு திறந்ததிலிருந்து. அந்த நிமிடத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டிக்கெட் வாங்கிய குழந்தைக்கும் முழுத் தொகை, ஆக நால்வருக்கு 2,400 யூரோ. வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் என்றால் கிடைக்காது. இயந்திரக் கோளாறு என்றால் பொதுவாகக் கிடைக்கும், நிறுவனத்தின் சொந்த ஊழியர் வேலைநிறுத்தத்துக்கும் கிடைக்கும் என்று 2021-ல் தீர்ப்பு உண்டு. "செயல்பாட்டுக் காரணங்கள்" என்ற பொத்தாம்பொதுவான பதிலை ஏற்க வேண்டாம். திரும்பும்போது வளைகுடாவில் மாறும் இடத்தில்தான் தாமதம் என்றாலும், பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைவரை ஒரே பதிவு என்றால் முழுப் பயணமாகத்தான் பார்ப்பார்கள். இந்த விதியைத் திருத்தும் பேச்சு பிரஸ்ஸல்ஸில் நடந்துகொண்டிருக்கிறது, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடா நிறுவனத்தில் போகும்போது ஏற்படும் தாமதத்துக்கு, சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைதான். அதில் நிலையான தொகை இல்லை, ரசீதோடு நிரூபிக்கும் நஷ்டம் மட்டும், அதுவும் தவிர்க்க எல்லா முயற்சியும் எடுத்தோம் என்று நிறுவனம் காட்டாவிட்டால்.

பெட்டி வரவில்லை என்றால் சுங்க வாசலைத் தாண்டாமல், அங்கேயே உள்ள கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதி எண்ணை வாங்குங்கள். கொண்டுவந்து தர வேண்டிய முகவரியாகத் தங்கை வீட்டைக் கொடுங்கள், வாசல் அழைப்பு மணியில் உள்ள குடும்பப் பெயரையும் சேர்த்து. ஜெர்மனியில் வீட்டு எண்ணை வைத்து மட்டும் கண்டுபிடிக்கமாட்டார்கள். சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாள் தாண்டியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர்.

அங்கே உடம்பு சரியில்லாமல் போனால்

உயிர் ஆபத்து என்றால் 112. மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை, ஆனால் காலைவரை பொறுக்கவும் முடியாது என்றால் 116117, இது கிளினிக் மூடியிருக்கும் நேரத்து மருத்துவர் சேவை. மறுமுனையில் ஆங்கிலம் கிடைக்கும் என்று நம்ப முடியாது, தங்கையைப் பேச விடுங்கள். பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் இல்லை. ஞாயிறும் விடுமுறையும் முறைவைத்து ஒன்றிரண்டு கடைகள்தான் திறந்திருக்கும், எது என்று ஒவ்வொரு மருந்துக்கடை வாசலிலும் ஒட்டியிருக்கும். ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் எங்கும் தரமாட்டார்கள்.

குழந்தைக்கு மருந்தளவில் கவனம். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 300 மில்லிகிராம். நம்மூரில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 6 மில்லி. 120 மில்லிகிராம் உள்ளது என்றால் 12.5 மில்லி. ஜெர்மனியில் கிடைக்கும் சிரப் வழக்கமாக ஒரு மில்லியில் 40 மில்லிகிராம், அதாவது 7.5 மில்லி. "வீட்டில் 6 மில்லிதானே கொடுப்போம்" என்று புட்டி மாறியதும் கண்ணை மூடி ஊற்றினால் மருந்து குறையும், 12.5 மில்லி கொடுத்துப் பழகியவர் அப்படி ஊற்றினால் கூடும். புட்டியில் எழுதியதைப் படித்துக் கணக்குப் போடுங்கள்.

குளிர்காலத்தில் அங்கே நோரோவைரஸ் வாந்தி, பேதி அதிகம். இது 12 முதல் 48 மணி நேரத்தில் அடுத்தவருக்குத் தாவும், ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து மூன்று நாள். மகளுக்கு எட்டாம் நாள் வாந்தி என்றால் பத்தாம் நாள், விமான நாள் காலையில், அம்மாவுக்கு வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கை சுத்திகரிப்பு ஜெல் இந்தக் கிருமிக்கு அவ்வளவாக உதவாது, சோப்பும் தண்ணீரும்தான். நோய் வந்தவருக்குத் தனிக் கழிப்பறை முடிந்தால் நல்லது, அவர் சமைக்கவே வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உப்பு அளவு கெடும். இரண்டிலிருந்து பத்து வயதுவரை ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. அம்மாவுக்குப் பேதி என்றால், அவர் பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவராக இருக்கும் பட்சத்தில், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

சிகிச்சை தொடங்கும் முன்பே, மருத்துவமனையில் சேர்த்தால் அன்றே, காப்பீட்டு உதவி எண்ணுக்குச் சொல்லி வழக்கு எண்ணை வாங்குங்கள். படுக்கையில் சேர்ந்தால் பணமில்லாச் சிகிச்சைக்கு அவர்கள் மருத்துவமனையோடு பேசுவார்கள், வெளிநோயாளிச் செலவை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும்.

திரும்பும் நாளில் முடியாமல் போனால்

காய்ச்சலோடு, தொடர்ந்த வாந்தியோடு, உடம்பில் கொப்புளத்தோடு வருகிறவரை ஏற்ற மறுக்க விமானிக்கு உரிமை உண்டு, மறைத்து ஏறுவது மற்றவர்களுக்கும் ஆபத்து. காதுவலியோடு இருக்கும் குழந்தையை மருத்துவர் காதைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள், இறங்கும்போது அழுத்தம் தாங்காது. புறப்படும் நேரத்துக்கு முன்பே நிறுவனத்தைக் கூப்பிட்டுத் தேதி மாற்றுங்கள். மருத்துவர் கடிதத்தில் "இந்தத் தேதிவரை பறக்கத் தகுதியில்லை" என்று தேதியோடு இருக்க வேண்டும். வெறும் "ஓய்வு தேவை" என்ற கடிதத்தை விமான நிறுவனமும் ஏற்காது, காப்பீடும் ஏற்காது. கிளம்புவதற்கு முன் "இன்று பறக்கலாம்" என்று இன்னொரு கடிதம்.

எல்லோரும் தங்குவதா? அம்மா மருத்துவமனையில் என்றால் பெரியவர் ஒருவர் மட்டும் கூட இருந்து, மற்றவர் மகளோடு கிளம்புவதே சரி. நால்வருக்கும் விசா நாள், காப்பீட்டு நாள், டிக்கெட் வித்தியாசம் என்று நாலு மடங்கு சிக்கலைச் சுமக்க வேண்டியதில்லை. தங்குகிற இருவருக்கும் காப்பீட்டை அது முடிவதற்குள் நீட்டியுங்கள், முடிந்தபின் நீட்டமாட்டார்கள்.

போர்டிங் பாஸ்களைத் தூக்கிப்போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாத காலம் வந்துவிட்டதால், எப்போது போனீர்கள், வந்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். நஷ்டஈட்டை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே கேட்கலாம், கமிஷன் நிறுவனங்களிடம் போக வேண்டாம். இரண்டு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ மறுத்தாலோ, ஜெர்மனியில் பயணிகளுக்கான சமரச மையம் கட்டணமில்லாமல் விசாரிக்கும். ஜெர்மன் சட்டப்படி அந்த ஆண்டு முடிவிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, மான்ட்ரியல் உடன்படிக்கையில் இரண்டே ஆண்டு. காப்பீட்டுக்கு அவ்வளவு நாள் கிடையாது, பாலிசியில் எழுதியிருக்கும் கெடுவைப் பாருங்கள். ஜெர்மன் மருத்துவர் அன்றே பணம் வாங்காமல், சில வாரம் கழித்துத் தங்கை முகவரிக்குத் தபாலில் பில் அனுப்புவது சகஜம். வந்ததும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி வையுங்கள், பில்லில் நோயின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத பில்லைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும்.